ஜெனீவாவுக்கு வன்னியிலிருந்து யார்: பகிரங்க அழைப்பா, சங்கத் தெரிவா?

ஜெனீவாவில் கூடும் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் பேச இலங்கையின் வன்னியிலிருந்து ஒருவருக்கு வாய்ப்பு வந்தால், இரு வழிகளில் ஆளைத் தெரியலாம்.

பகிரங்க அழைப்பில் விண்ணப்பம், நேர்காணல், புள்ளியிடல் எல்லாம் எழுத்தில் இருக்கும். யாரும் கேள்வி கேட்கலாம். ஆனால் விண்ணப்பம் ஆங்கிலத்தில், மின்னஞ்சலில் மட்டும் என்றால் கிளிநொச்சி நகரத்தவரே வருவர். முல்லைத்தீவுக் கரையில் காணி மீட்கப் போராடும் பெண்ணுக்குச் செய்தியே போய்ச் சேராது. தமிழில், குரல்பதிவாகவும் அனுப்பலாம் என்று வையுங்கள்.

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கடற்றொழிலாளர் சங்கம், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கூடித் தெரிவுசெய்தால், போகிறவர் திரும்பி வந்து பதில் சொல்லவேண்டிய இடம் இருக்கும். இது பெரிய பலம். கெடுவது எங்கே? ஒவ்வொரு முறையும் தலைவரே போவார்; கட்சிக்காரர் உள்ளே நுழைவார். ஒருவர் தொடர்ந்து இரு அமர்வுக்குப் போகக்கூடாது, தேர்தல் வேட்பாளரும் நிதி கொடுப்பவரின் ஊழியரும் கூடாது என்று முதலே எழுதுங்கள்.

எங்கள் தேர்வு சங்கத் தெரிவுதான். ஆனால் இறுதி நேர்காணலை வெளியார் மூவர் நடத்தட்டும்.

எந்த வழியானாலும், பேச்சு நேரம் ஐ.நா.வில் ஆலோசனை அந்தஸ்துள்ள (கூட்டங்களில் பங்கெடுக்க ஐ.நா. ஏற்றுக்கொண்ட) அரசு சாரா அமைப்பின் பெயரிலேயே கிடைக்கும். அதை முதலில் உறுதிசெய்யுங்கள். சுவிஸுக்குள் நுழையத் தேவையான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், பயணத்துக்கு 15 நாள் முன்பு கடைசி எல்லை. தமிழ் ஐ.நா.வின் ஆறு அலுவல் மொழிகளில் இல்லை. பேச்சின் ஆங்கில மொழிபெயர்ப்பை முன்கூட்டியே கொடுங்கள். ஆபத்து என்று பேச்சாளர் கருதினால், புறப்படுமுன் பெயரை வெளியிடாதீர்கள்.