ரிச்சி தெருவில் ஒரு பழைய கம்ப்யூட்டர் கடை: டிரைவர் எழுதுபவர்களுக்காக

அண்ணா சாலையிலிருந்து ரிச்சி தெருவுக்குள் நுழைந்து, மொபைல் உறையும் சார்ஜரும் சிசிடிவி கேமராவும் விற்கும் கடைகளைத் தாண்டி உள்ளே போனால், ஒரு மாடிப்படிக்குப் பக்கத்தில் இந்தக் கடை இருக்கிறது. அலுவலகங்கள் கழித்துப் போட்ட டெஸ்க்டாப்களை வாங்கி, துடைத்து, சோதித்து விற்கிறார்கள். கேம் ஆட கம்ப்யூட்டர் தேடுபவர்களுக்கு இங்கே ஒன்றுமில்லை. ஆனால் லினக்ஸ் கர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) டிரைவர், அதாவது ஒரு வன்பொருளை இயக்கும் மென்பொருள், எழுதும் வேலை பார்ப்பவர்களுக்கு, சென்னையில் நான் பார்த்தவரை இதைவிடப் பயனுள்ள கடை கிடையாது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று புரிய, நான் எதற்கு அங்கே போனேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

தொழிற்சாலை இயந்திரங்களில் பொருத்தும் நெட்வொர்க் கார்டு ஒன்றின் டிரைவர் என் கைக்கு வந்தது. 32 பிட் கர்னலுக்காக எழுதப்பட்டது. அதை 64 பிட்டில் ஓடவைக்க வேண்டும். இந்த மாதிரி வேலையில் தொல்லை எங்கிருந்து வரும் என்பது ஓரளவு தெரிந்ததுதான். 32 பிட் மெஷினில் பாயிண்டருக்கும் (நினைவக முகவரியை வைத்திருப்பது) இன்ட்டுக்கும் (முழு எண்ணை வைத்திருப்பது) ஒரே அளவு, 4 பைட். 64 பிட் லினக்ஸில் பாயிண்டர் 8 பைட்டாகிவிடும், இன்ட் 4 பைட்டிலேயே நிற்கும். பாயிண்டரை இன்ட்டில் போட்டு எடுத்த ஒவ்வொரு வரியும் முகவரியின் மேல் பாதியைத் தொலைத்துவிடும். தெருப் பெயரைக் கிழித்துவிட்டு வீட்டு எண்ணை மட்டும் தபால்காரரிடம் கொடுத்தது போல. 12ஆம் எண் வீடு எல்லாத் தெருவிலும்தான் இருக்கிறது.

கம்பைலர் எச்சரிக்காதா என்று கேட்கலாம். பாயிண்டரை நேராக இன்ட்டுக்கு மாற்றினால் ஜிசிசி கம்பைலர் கண்டிப்பாக எச்சரிக்கும். ஆனால் இந்த டிரைவரில் முதலில் அன்சைன்டு லாங்குக்கு (பாயிண்டர் அளவே உள்ள எண் வகை) மாற்றி, அப்புறம் அதை 32 பிட்டுக்கு மாற்றியிருந்தார்கள். அப்படி இரண்டு படியாக எழுதினால் ஜிசிசி வழக்கமாக வாயைத் திறக்காது. ஆகவே மெஷினில் ஓட்டி, உடையவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அதற்குத்தான் கடை.

நான் கேட்டவை இவைதான்: பின்பக்கம் நிஜமான சீரியல் போர்ட் (காம் போர்ட் என்பதும் இதுதான், கர்னலின் செய்திகளை இன்னொரு மெஷினில் பிடிக்க உதவும்) உள்ள டவர், 16 ஜிபி ரேம், பழைய பிசிஐ ஸ்லாட் ஒன்று, பயாஸில் (மெஷினின் அடிப்படை அமைப்புத் திரை) விடி-டி என்ற ஸ்விட்ச், இது எதற்கென்று பின்னால் சொல்கிறேன். கடைக்காரர் பாய் முதலில், "மேடம், ஆபீஸ் வேலைக்கு 4 ஜிபியே தாராளம்" என்றார். டிரைவர் சோதனைக்கு என்றதும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. பையனைக் கூப்பிட்டு, "தம்பி, காம் போர்ட் வச்ச பெட்டியை இறக்கு" என்றார். மானிட்டர் மாட்டி, பயாஸைத் திறந்து, "நீங்களே பாருங்க" என்று நாற்காலியை என் பக்கம் தள்ளினார். நான் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து முடிக்கும் வரை அவசரப்படுத்தவே இல்லை. பழைய சாமான் விற்கும் இடத்தில் இந்தப் பொறுமை எவ்வளவு பெரிய விஷயம் என்று வாங்கிப் பழகியவர்களுக்குத் தெரியும். டவர் 9,000 ரூபாய்.

சீரியல் போர்ட் முதல் சோதனையிலேயே கைகொடுத்தது. டிரைவரை ஏற்றியதும் கார்டு உயிர்பெற்றது, கட்டுப்பாட்டுப் பாக்கெட்டுகள் ஒழுங்காகப் போய் வந்தன. தரவு அனுப்பத் தொடங்கியதும் கர்னல் விழுந்தது. திரை அப்படியே உறைந்துவிடுவதால் கடைசி வரிகள் அதில் தெரியாது. நல் மோடம் கேபிள் (இரண்டு மெஷின்களின் சீரியல் போர்ட்களை நேராக இணைப்பது) வழியாக லேப்டாப்பில் 115200 பாட் வேகத்தில் பிடித்து வைத்திருந்ததால் முழு ஊப்ஸும் (கர்னல் விழும்போது அச்சிடும் பிழை அறிக்கை) கிடைத்தது. பிழை நடந்த முகவரியின் 16 இலக்கங்களில் முதல் 8 இலக்கங்களும் சுழியம். கடைசி 8 இலக்கங்கள் நான் அச்சிட வைத்திருந்த நிஜ பாயிண்டரோடு அச்சு அசலாகப் பொருந்தின. இந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒரு எச்சரிக்கை: 4.15 கர்னலிலிருந்து, அச்சிடும்போது போடும் சாதாரண பெர்சென்ட்-பி (%p) குறி பாயிண்டரை அப்படியே காட்டாது, மறைத்துத்தான் காட்டும். ஒப்பிட்டுப் பார்க்க பெர்சென்ட்-பிஎக்ஸ் (%px) போட வேண்டும்.

காரணம் இதுதான். கார்டின் டிஸ்கிரிப்டரில் (ஒவ்வொரு பாக்கெட்டைப் பற்றியும் கார்டுக்குச் சொல்லும் பதிவு), டிரைவர் தன் குறிப்புக்காக வைத்துக்கொள்ள 32 பிட் இடம் ஒன்று உண்டு. கார்டு அதைத் தொடாமல் திருப்பித் தரும். அந்த இடத்தில் பாக்கெட் விவரம் இருக்கும் ஸ்ட்ரக்ட்டின் (பல தரவுகளைச் சேர்த்து வைத்த தொகுப்பு) பாயிண்டரையே திணித்திருந்தார்கள். அப்படியானால் கட்டுப்பாட்டுப் பாக்கெட்டுகள் எப்படிப் பிழைத்தன? இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அவற்றின் ஸ்ட்ரக்ட் டிரைவர் மாட்யூலுக்குள்ளேயே (கர்னலில் ஏற்றும் துண்டு) ஸ்டாட்டிக்காக, அதாவது நிலையான இடத்தில், இருந்தது. எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி ப்ராசஸர் வகை) 64 பிட்டில் மாட்யூல்கள் முகவரி வெளியின் உச்சியில் உள்ள கடைசி 2 ஜிபிக்குள் உட்காருகின்றன. அங்கே மேல் 32 பிட்டும் முழுக்க ஒன்றுகள். குறியுள்ள (பிளஸ், மைனஸ் தாங்கும்) இன்ட்டிலிருந்து திரும்ப 64 பிட்டாக விரிக்கும்போது, கீழ் பாதியின் முதல் பிட்டும் ஒன்று என்பதால், மேல் பாதியில் தானாகவே ஒன்றுகள் நிரம்பி, சரியான முகவரியே திரும்பக் கிடைக்கிறது. தரவுப் பாக்கெட்டின் ஸ்ட்ரக்ட் கேமல்லாக்கில் (ஓடும்போது நினைவகம் ஒதுக்கித் தரும் கர்னல் வசதி) வந்தது. அதன் மேல் பாதி வேறு. திரும்பி வரும்போது, கீழ் பாதியின் முதல் பிட்டைப் பொறுத்து, அது சுழியமாகவோ முழு ஒன்றுகளாகவோ மாறிவிடும், இரண்டுமே தவறு. பாயிண்டருக்குப் பதிலாக ரிங்கில் (டிஸ்கிரிப்டர்களின் வட்ட வரிசை) அது எத்தனையாவது இடம் என்ற எண்ணை வைத்தேன். பிரச்சினை தீர்ந்தது.

அடுத்தது டிஸ்கிரிப்டரின் அளவு. இரண்டு 32 பிட் எண்கள், இரண்டு பாயிண்டர்கள் என்று எழுதிய ஸ்ட்ரக்ட் 32 பிட்டில் 16 பைட், 64 பிட்டில் 24 பைட். கார்டோ 16 பைட்டுக்கு ஒன்றாகத்தான் படிக்கும். வன்பொருள் படிக்கும் ஸ்ட்ரக்ட்டில் பாயிண்டரே இருக்கக் கூடாது, நிலையான அளவுள்ள எண்கள்தான் இருக்க வேண்டும். அளவு மாறினால் கம்பைல் ஆகாமலே நிற்கும்படி பில்ட்-பக்-ஆன் ஒரு வரி போட்டுவிட்டு நகர்ந்தேன்.

16 ஜிபி ரேம் கேட்டதன் பலன் இதற்கு அப்புறம்தான் தெரிந்தது. கார்டு 64 பிட் டிஎம்ஏ முகவரியை (ப்ராசஸர் வழியாகப் போகாமல் கார்டு நேராக நினைவகத்தை எட்டப் பயன்படுத்தும் முகவரி) ஏற்கும் என்று டிரைவர் கர்னலிடம் சொல்கிறது. ஆனால் கார்டுக்கு எழுதும்போது கீழ் 32 பிட்டை மட்டும் எழுதுகிறது. ரேம் முழுக்க 4 ஜிபி எல்லைக்குக் கீழே இருக்கும்வரை மேல் பாதி எப்படியும் சுழியம்தான், அதனால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. பஃபர் (பாக்கெட்டை வைக்கும் நினைவக இடம்) அந்த எல்லைக்கு மேலே விழுந்த நொடியில் கார்டு வேறு யாருடைய நினைவகத்திலோ பாக்கெட்டை எழுதிவிடுகிறது. சத்தமே வராது. கொஞ்ச நேரம் கழித்து, சம்பந்தமே இல்லாத ஓரிடத்தில் கர்னல் விழும். பிழைகளிலேயே நான் அதிகம் அஞ்சுவது இதற்குத்தான், ஏனென்றால் குற்றவாளி ஓரிடம், பிணம் வேறிடம். கர்னல் துவக்க வரியில் மெம்=2ஜி (2 ஜிபி ரேமை மட்டும் பயன்படுத்து) என்று கொடுத்தேன், பிழை காணாமல் போனது. எடுத்தேன், திரும்ப வந்தது. ரேமை இப்படி எளிதாகக் குறைத்துவிடலாம், இல்லாத ரேமைக் கூட்ட முடியாது. 4 ஜிபி பெட்டியோடு திரும்பியிருந்தால் இவ்வளவு தெளிவாகப் பிடித்திருக்க முடியாது.

விடி-டி ஸ்விட்சும் இதற்காகத்தான். அதன் மூலம் ஐஓஎம்எம்யூவை (கார்டு தரும் டிஎம்ஏ முகவரியை நிஜ நினைவக முகவரியாக மாற்றும் வன்பொருள்) இயக்கினால், கார்டுக்குக் கிடைக்கும் டிஎம்ஏ முகவரிகள் பெரும்பாலும் 4 ஜிபிக்குக் கீழேயே அமைந்து, இதே பிழை ஒளிந்துகொள்ளும். அணைத்தால் வெளியே வரும். இரண்டு விதமாகவும் ஓட்டிப் பார்க்க முடியாத மெஷின் இந்த வேலைக்கு உதவாது.

கூடவே இரண்டு பழைய கார்டுகள் எடுத்துக்கொண்டேன். ரியல்டெக் 8139 ஒன்று, 200 ரூபாய். இன்டெல் 82574 ஒன்று, 900 ரூபாய். முதலாவது 32 பிட் டிஎம்ஏ மட்டுமே தெரிந்த கார்டு, இரண்டாவது 64 பிட் முகவரியை ஏற்பது. இரண்டுக்கும் நன்றாக ஓடித் தேய்ந்த டிரைவர்கள் கர்னலிலேயே இருக்கின்றன. அந்த இரண்டும் இதே மெஷினில் சரியாக ஓடினால் ரேமையோ போர்டையோ சந்தேகப்பட வேண்டாம், நம் டிரைவரைத்தான் பார்க்க வேண்டும். முகவரியை மேல் பாதி, கீழ் பாதி என்று பிரித்து எழுதுவது எப்படி என்பதற்கு இன்டெல் கார்டின் டிரைவர் மூலத்தைப் படிப்பதே நல்ல பாடம். பாய் இரண்டு கார்டையும் மாட்டி, லிங்க் விளக்கு எரிவதைக் காட்டித்தான் கொடுத்தார்.

குறைகளும் உண்டு. முதலில் கொடுத்த யுஎஸ்பி-சீரியல் கேபிள் எழுத்துகளை விழுங்கியது. ஊப்ஸில் ஒரு இலக்கம் விடுபட்டாலும் நாம் தவறான முகவரியைத் துரத்திக்கொண்டிருப்போம், ஆகவே இது சின்னக் குறை அல்ல. திருப்பிக் கொண்டுபோனதும் பேச்சே இல்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள், ஆனால் வாங்கும்போதே கேபிளையும் சோதித்துக் கொடுத்திருக்க வேண்டும். பழைய ரேம்களை ஒரே பெட்டியில் கலந்து போட்டிருக்கிறார்கள். வீட்டுக்குப் போனதும் மெம்டெஸ்ட்டை ஒரு ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள், கெட்ட ரேமும் டிஎம்ஏ பிழையும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். ஜிஎஸ்டி பில் வேண்டுமென்றால் விலை பேசும்போதே சொல்லிவிடுங்கள், கடைசியில் கேட்டால் முகம் மாறுகிறது. உத்தரவாதத்தை பில்லின் பின்பக்கம் கையால் எழுதித் தருகிறார்கள், அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியில் போகாதீர்கள், நிறுத்த இடமே கிடைக்காது. அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடப்பதே மேல். மாலையில் கூட்டம் நெரியும், காலையில் கடை திறந்த கையோடு போனால் பாய் நின்று பேசுவார். ஆர்ம் (மொபைல்களில் உள்ள ப்ராசஸர் வகை) 32 பிட் போர்டு ஏதாவது வந்தால் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். எல்பிஏஇ (4 ஜிபிக்கு மேலுள்ள நினைவகத்தையும் எட்ட உதவும் வசதி) உள்ள அந்த ஆர்மில் பாயிண்டர் 32 பிட்டாக இருக்க, டிஎம்ஏ முகவரி 64 பிட்டாக இருக்கலாம். நான் திருத்திய டிரைவரை அதிலும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாடிக்கையாளரிடம் கொடுப்பேன்.