பெட்டியைத் திறக்கும் முன்பே பணம் கட்டினேன்: ஹாங்காங்கில் கேமரா வாங்கிய கதை

நேதன் சாலையில் அந்தக் கடைக்குள் நுழைந்தபோது மாலை ஏழு மணி. வெளியே வந்தபோது ஒன்பது. இடைப்பட்ட இரண்டு மணி நேரத்தில் 7,900 ஹாங்காங் டாலரைக் கொடுத்துவிட்டு, வாங்கப் போன கேமராவை அங்கேயே விட்டுவிட்டு, கனவிலும் வாங்க நினைக்காத ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். யாரும் என்னை மிரட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள், உட்கார நாற்காலி போட்டார்கள்.

இத்தனைக்கும் விவரம் தெரியாமல் போனவன் இல்லை. சோனி ஏ6400, கூடவே 16-50 லென்ஸ் என்று முடிவுசெய்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அந்த ஊரின் பெரிய கடைகளில் ஏழாயிரத்துக்கு மேல் விலை சொல்கிறார்கள் என்பதையும் காலையிலேயே பார்த்துவைத்திருந்தேன். சிம் ஷா சுய் பக்கம் சும்மா நடந்துகொண்டிருந்தபோது, கண்ணாடி அலமாரி நிறையக் கேமராக்களோடு அந்தச் சின்னக் கடை கண்ணில் பட்டது. எதிலும் விலைச் சீட்டு இல்லை. அதைப் பார்த்த உடனேயே நான் திரும்பியிருக்க வேண்டும். வாசலில் ‘வரி இல்லை’ என்று பெரிய பலகை வேறு. ஹாங்காங்கில் விற்பனை வரியே கிடையாது. எந்தக் கடைக்குப் போனாலும் வரி இல்லை. கடற்கரையில் ‘இங்கே காற்று இலவசம்’ என்று பலகை மாட்டுவதைப் போன்றது அது. ஆனால் விமான நிலையக் கடைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தச் சொல்லே ஒரு சலுகையாகத் தெரிந்துவிடுகிறது.

விலை கேட்டேன். விற்பனையாளர் கணக்குப் பொறியில் தட்டி என் பக்கம் திருப்பினார். 5,200.

இவ்வளவு குறைவாக எப்படி என்று கேட்டதற்கு, ‘சோய் ஃபோ’ என்றார். கான்டனீஸ் மொழியில் அதற்குத் ‘தண்ணீர்ச் சரக்கு’ என்று பொருள். நிறுவனத்தின் அதிகாரபூர்வ முகவர் வழியாக வராமல், வேறொரு நாட்டுச் சந்தையிலிருந்து நேரே இறக்கிய சரக்கு. முகவர் வழியாக வருவது ‘ஹோங் ஃபோ’. தண்ணீர்ச் சரக்கு என்றாலே போலி என்று நினைத்துவிட வேண்டாம். பொருள் அதே தொழிற்சாலையில் செய்ததுதான், விற்பதும் குற்றமில்லை. உத்தரவாதம் யார் கொடுப்பது என்பதில்தான் வித்தியாசம். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்த விஷயத்தையே அவரும் சொன்னதால் ஆள் நேர்மையானவர் என்று நம்பிவிட்டேன். பாதி விவரம் தெரிந்தவனை ஏமாற்றுவது எவ்வளவு சுலபம் என்று இப்போது யோசித்தால் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

“கிடங்கிலிருந்து பெட்டி வர வேண்டும் சார், பத்து நிமிடம். அதற்குள் பணத்தைக் கட்டிவிடுங்கள்” என்றார். கட்டினேன்.

நான் செய்த தவறு மொத்தமும் அந்த ஒரு நிமிடத்தில் இருக்கிறது. அதுவரை நான் வாடிக்கையாளன். பிடிக்கவில்லை என்றால் எழுந்து போகலாம். அட்டையைத் தேய்த்த பிறகு அந்த நாற்காலியை விட்டு என்னால் எழ முடியவில்லை. என் 5,200 டாலர் அவர்கள் பக்கம் இருந்தது, கேமராவும் அவர்கள் பக்கமே இருந்தது.

பத்து நிமிடம் நாற்பது நிமிடமானது. முதலில், பேட்டரியும் சார்ஜரும் வேண்டுமா என்று கேட்டார். அவை பெட்டியிலேயே வருமே என்றேன். “அது ஹோங் ஃபோவில் சார். இதில் தனி” என்றார். நான் முறைத்ததும் அதை விட்டுவிட்டார். என் பொறுமை எவ்வளவு என்று அளந்து பார்த்திருக்கிறார் போலும். அடுத்து, இந்தச் சரக்கு ஜப்பானிலிருந்து வந்தது, மெனு முழுக்க ஜப்பானிய எழுத்தில்தான் இருக்கும், மாற்ற வழியில்லை என்றார். முழுப் பொய் என்று இதைத் தள்ளவும் முடியாது. ஜப்பானில் விற்பதற்கென்று செய்த சோனி கேமராக்கள் பலவற்றில் ஜப்பானிய மொழி மட்டும்தான் இருக்கும். பணம் வாங்குவதற்கு முன் அதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

பிறகு குரலைத் தாழ்த்தினார். “உண்மையைச் சொல்லிவிடுகிறேன் சார். இந்த மாடலில் நிறம் சரியாக வராது. நிறையப் பேர் திருப்பிக் கொண்டுவருகிறார்கள்.” காட்சிக்கு வைத்திருந்த ஏ6400-ஐ எடுத்து, ஒரு புது மெமரி கார்டைப் பிரித்துப் போட்டு, என்னையே படம் எடுத்துத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். மஞ்சள் காமாலை வந்தவனைப் போல இருந்தேன். அதே கார்டை வேறொரு கேமராவில் போட்டு இன்னொரு படம் எடுத்தார். முகம் பளிச்சென்று இருந்தது. அந்த இரண்டாவது கேமரா, லென்ஸ் கழற்ற முடியாத, நீளமான ஜூம் உள்ள வகை. “புது மாடல். இதற்கு வேறு லென்ஸே வாங்க வேண்டாம். 7,900. நீங்கள்தான் 5,200 கட்டிவிட்டீர்களே, இன்னும் 2,700 போதும்” என்றார்.

என் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். “வேண்டாங்க, பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், போய்விடலாம்.” கேட்டேன். ரத்து செய்ய முடியாது, கணக்கு மூடியாகிவிட்டது, முதலாளி ஊரில் இல்லை என்று ஒவ்வொன்றாக வந்தது. மறுநாள் இரவு எங்களுக்கு விமானம். மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டேன்: ஒன்றுமே கிடைக்காமல் 5,200 போவதைவிட, இன்னும் 2,700 கொடுத்து ஏதோ ஒரு கேமராவாவது கிடைத்தால் சரி. இப்படி நினைக்க வைப்பதற்காகத்தான் அந்த நாற்பது நிமிடம் என்பது அப்போது உறைக்கவில்லை.

அட்டை இயந்திரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு அட்டையைப் போட்டால், உள்ளூர்ப் பணத்திலா உங்கள் நாட்டுப் பணத்திலா என்று அது கேட்கும். உள்ளூர்ப் பணம் என்பதைத்தான் அழுத்த வேண்டும். மற்றதை அழுத்தினால் மாற்று விகிதத்தை நம் வங்கி சொல்லாது, அந்த இயந்திரத்தின் பின்னால் இருப்பவர்கள் வைத்ததுதான் விகிதம். இரண்டு முறையும் அந்தப் பொத்தானை விற்பனையாளரே எனக்காக அழுத்தியிருந்தார். சுமார் ஐந்து சதவீதம் அதிலேயே போனது.

விடுதிக்கு வந்தும் தூக்கம் வரவில்லை. அவர் ‘அன்பளிப்பாக’க் கொடுத்த மெமரி கார்டை மடிக்கணினியில் போட்டேன். கடையில் எடுத்த இரண்டு படங்களும் அழியாமல் அப்படியே இருந்தன. டிஜிட்டல் கேமராவில் எடுக்கும் ஒவ்வொரு படத்தோடும் அதை எப்படி எடுத்தோம் என்ற விவரம் சேர்ந்தே பதிவாகும், எக்ஸிஃப் என்பார்கள். என் மஞ்சள் படத்தின் விவரத்தைத் திறந்தேன். விளக்கொளிக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் ‘ஒயிட் பேலன்ஸ்’ அமைப்பு தானியங்கியில் இல்லை. கையால் 9900 கெல்வினுக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். அந்தக் கேமராவில் அதற்கு மேல் போக முடியாது. அந்த அளவில் வைத்தால் கடை விளக்கில் பால்கூட மஞ்சளாகத்தான் தெரியும். பளிச்சென்ற படத்தில் எல்லாம் தானியங்கி. கேமராவில் குறை எதுவும் இல்லை. கடை திறந்ததும் யாரோ அதை அப்படித் திருகி வைத்துவிட்டு, என்னைப் போன்றவனுக்காகக் காத்திருந்திருக்கிறார்கள்.

வாங்கிவந்த கேமராவையும் அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். அதன் சென்சார், அதாவது ஒளியைப் படமாகப் பதிவு செய்யும் சில்லு, 1/2.3 அங்குல வகை, பரப்பு சுமார் 28 சதுர மில்லிமீட்டர். நான் வாங்கப் போன ஏ6400-இல் இருப்பது ஏபிஎஸ்-சி என்ற பெரிய வகை, அதன் பரப்பு 366. பதின்மூன்று மடங்கு வித்தியாசம். பட்டப்பகலில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பொழுது சாய்ந்த பிறகு எடுத்துப் பார்த்தால், சின்ன சென்சாரின் படத்தில் புள்ளி புள்ளியாக மணல் தூவியிருக்கும். பாவம், அது மோசமான கேமரா இல்லை. தூரத்துப் பறவைகளைப் பிடிக்க நல்லதுதான். நான் கொடுத்த விலைதான் அதற்கு இல்லை: மறுநாள் காலை ஒரு பெரிய கடையில் அதே மாடல் 3,100 என்று சீட்டு ஒட்டி நின்றது. அன்பளிப்பு மெமரி கார்டும் போலி. மேலே 128 ஜிபி என்று அச்சிட்டிருந்தது. கார்டு முழுவதும் எழுதித் திரும்பப் படித்துச் சோதிக்கும் இலவச மென்பொருள்கள் உண்டு. படங்களை வேறிடத்தில் சேமித்துவிட்டுச் சோதித்தேன். 16 ஜிபிக்கு மேல் எழுதியது எதுவும் திரும்பி வரவில்லை.

காலையில் கடைக்குத் திரும்பப் போனேன். நேற்றைய ஆள் இல்லை, இன்று அவருக்கு விடுமுறையாம். ரசீதைக் காட்டச் சொன்னார்கள். காட்டியபோதுதான் நானே அதை முதன்முறையாக ஒழுங்காகப் படித்தேன். ‘டிஜிட்டல் கேமரா, 1 செட்’. மாடல் பெயர் இல்லை, வரிசை எண் இல்லை, ஏ6400 என்ற எழுத்தே எங்கும் இல்லை. “நீங்கள் கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறோம்” என்றார்கள்.

விடுதி வரவேற்பு மேசையில் இருந்த பெண்தான் வழி சொன்னார். போலீசுக்குப் போகாதீர்கள், சுங்கத் துறையைக் கூப்பிடுங்கள் என்றார். சுங்கத்துக்கும் கேமரா கடைக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் விழித்தேன். ஹாங்காங்கில் வர்த்தக விவரிப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன் திருத்தங்கள் 2013 ஜூலை 19 முதல் நடைமுறையில் இருக்கின்றன. ஒரு பொருளுக்கு ஆசை காட்டி இன்னொன்றைத் தலையில் கட்டுவது, கொடுக்கும் எண்ணமே இல்லாமல் பணம் வாங்கிக்கொள்வது, நெருக்கடி கொடுத்து வாங்க வைப்பது எல்லாமே அதன்படி குற்றம். உச்சபட்சத் தண்டனை ஐந்து ஆண்டு சிறையும் 5,00,000 ஹாங்காங் டாலர் அபராதமும். இதை அமல்படுத்துவது பெரும்பாலும் சுங்கத் துறைதான். சீக்கிரம் ஊர் திரும்ப வேண்டிய சுற்றுலாப் பயணிகளின் புகாரை விரைவாகக் கவனிக்க அங்கே தனிக் குழுவும் உண்டு. நுகர்வோர் கவுன்சிலிடமும் புகார் செய்யலாம். ஆனால் அவர்கள் சமரசம் பேச மட்டுமே முடியும், தண்டிக்கும் அதிகாரம் இல்லை.

கடை வாசலுக்கே போய், கண்ணாடிக்கு வெளியே எல்லோரும் பார்க்கும்படி நின்றுகொண்டு, சுங்கத் துறையின் எண்ணை அழுத்தினேன். இணைப்பு கிடைத்துக் கடையின் பெயரைச் சொல்ல ஆரம்பித்ததும், ஊரில் இல்லாத முதலாளி உள்ளறையிலிருந்து வந்துவிட்டார். ஒயிட் பேலன்ஸ் படத்தைக் காட்டினேன். அதை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு 2,700-ஐத் திருப்பித் தர ஒப்புக்கொண்டார், கேமராவை நான் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில். எனக்குப் பெட்டி கட்ட வேண்டும், விமான நிலையம் போக வேண்டும். சரி என்றுவிட்டேன். ‘இரு தரப்புக்கும் திருப்தி’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளில் கையெழுத்து வாங்கினார்.

அந்தக் கையெழுத்து இரண்டாவது தவறு. ஊர் வந்து மீதிப் பணத்துக்காக அட்டை கொடுத்த வங்கியில் தகராறு எழுப்பினேன். கடைக்காரர் அந்தத் தாளை அனுப்பிவைத்தார், வங்கி கோப்பை மூடிவிட்டது. கையெழுத்துப் போடாமல் புகாரை முழுதாகப் பதிவு செய்துவிட்டு விமானம் ஏறியிருந்தால் ஒருவேளை வேறு மாதிரி முடிந்திருக்கும். ஆகக் கடைசியில் 3,100 பொருளை 5,200-க்கு வாங்கியிருக்கிறேன், அந்த ஐந்து சதவீதம் தனி.

இனி நீங்கள் போனால்: தயவுசெய்து கடைசி இரண்டு நாளில் வாங்காதீர்கள். திரும்பப் போய்ச் சண்டை போட நேரம் வேண்டும். விலை ஒட்டியிருக்கும் கடைக்கே போங்கள். சென்ட்ரல் பகுதியின் ஸ்டான்லி தெருவில் கேமராக்காரர்களே நம்பிப் போகும் பழைய கடைகள் இருப்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். தண்ணீர்ச் சரக்கா முகவர் சரக்கா என்பதையும், மாடலையும், வரிசை எண்ணையும், பெட்டிக்குள் என்னென்ன இருக்கின்றன என்பதையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் வாங்க வேண்டாம். பெட்டி உங்கள் எதிரில் பிரிய வேண்டும். பெட்டியில் உள்ள எண்ணும் கேமராவின் அடியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா, மெனுவில் உங்களுக்குத் தெரிந்த மொழி இருக்கிறதா என்று பார்த்த பிறகு அட்டையை எடுங்கள். அதுவரை அது சட்டைப் பையிலேயே கிடக்கட்டும். கடையில் எந்தக் கேமராவையாவது ‘நிறம் சரியில்லை’ என்று காட்டினால், அதை வாங்கி, அமைப்புகளை எல்லாம் ஆரம்ப நிலைக்குக் கொண்டுவரும் வசதியை அழுத்திவிட்டு, நீங்களே ஒரு படம் எடுத்துப் பாருங்கள். விற்பனையாளரின் முகம் எப்படி மாறுகிறது என்பதையும் கவனியுங்கள். அதை எனக்காகப் பார்க்கச் சொல்கிறேன்.

அந்த ஜூம் கேமராவை இப்போது மகள் வைத்திருக்கிறாள், நிலாவைப் படம் எடுக்கிறாள், நன்றாகவே வருகிறது. போலி மெமரி கார்டைக் குப்பையில் போட்டுவிட்டேன். அதிலிருந்து எடுத்த இரண்டு படங்களை மட்டும் அழிக்கவில்லை. மஞ்சள் படத்தில் நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், பக்கத்தில் தண்ணீர்க் குவளை, கையில் 5,200-க்கான சீட்டு. இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.