அம்மாவோட இடது கைக்கு விஆர் பயிற்சி, ஆறு வாரம் கூட்டிட்டுப் போன அனுபவம்

அம்மாவுக்கு 68 வயசு, போன வருஷம் பக்கவாதம் வந்து இடது கை வலுவிழந்து போச்சு. கையவிட எங்களுக்குப் பெரிய கவலை என்னன்னா இடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதே அவங்க கவனத்துக்கு வராது, தட்டுல இடது பக்கம் வச்ச பொரியல் அப்படியே கெடக்கும், "ஏன்டி பொரியல் வைக்கல"ன்னு கேப்பாங்க, தட்டத் திருப்பி வச்சா உடனே எடுத்து சாப்பிடுவாங்க. மூளையோட வலது பாதி அடிபட்டவங்களுக்கு இப்படி ஆகறது உண்டுன்னு டாக்டர் சொன்னப்பதான் எங்களுக்குப் புரிஞ்சது.

சிங்கப்பூர்ல எங்க பிளாக்லேர்ந்து ரெண்டு பஸ் ஸ்டாப் தள்ளி இருக்கற மறுவாழ்வு மையத்துல வழக்கமான தெரபியோட சேத்து வாரம் ரெண்டு தடவ விஆர், அதாவது பட்டை வச்ச பெரிய கண்ணாடிய தலையில மாட்டிக்கிட்டா கம்ப்யூட்டர் காட்டற காட்சிக்குள்ளயே இருக்கற மாதிரி தெரியும், தடவைக்கு 20 நிமிஷம்.

மொத நாள் கொண்டை போட்ட தலையில அந்தப் பட்டை ஏறவே இல்ல, தெரபிஸ்ட் பொண்ணு அவங்களே கொண்டைய அவுத்துப் பின்னல் போட்டு விட்டுதான் மாட்டினாங்க, அதுக்கே அவங்களுக்குக் கோடி நன்றி. உள்ள ஒரு ஆரஞ்சு மரம், பழத்தப் பறிச்சு இடது பக்கக் கூடையில போடணும். கையில எதையும் பிடிக்க வேணாம், கண்ணாடியில இருக்கற கேமராவே விரல் அசையறதப் பாத்துக்குது, பிடிப்பு இல்லாத கைக்கு இது ரொம்ப முக்கியம். போகப் போக கூடைய இன்னும் இடது பக்கமா நகத்துறாங்க, தலையத் திருப்பித் தேடினாதான் கூடையே தெரியும். வீட்டுல பத்து தடவ கையத் தூக்கச் சொன்னா "தோள் வலிக்குது, போதும்"ங்கறவங்க இங்க அறுபது தடவ தூக்கினாங்க, நான் எண்ணிட்டே இருந்தேன், கண்ணுல தண்ணி வந்துருச்சு.

வலி மறக்கறது சும்மா இல்லயாம். 1996லயே சியாட்டில் ஹார்பர்வியூ மருத்துவமனையில ஹண்டர் ஹாஃப்மேன், டேவிட் பேட்டர்சன்னு ரெண்டு பேர் தீக்காயம் பட்டவங்களுக்குக் காயத்த சுத்தம் பண்றப்ப விஆர் காட்ட ஆரம்பிச்சாங்க, கவனம் அங்க போனா வலிக்குக் கொடுக்கற கவனம் கொறையுது. ஆனா விஆர் மட்டும் போதும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 2017ல, மருத்துவ ஆய்வுகளத் தொகுத்து அலசற காக்ரேன் அமைப்பு 72 ஆய்வுகளச் சேத்துப் பாத்ததுல, வழக்கமான தெரபிக்குப் பதிலா விஆர் குடுத்தா கைக்குத் தனிப் பலன் தெரியல, அதோட சேத்துக் கூடுதலாக் குடுத்தப்பதான் பலன் தெரிஞ்சுது. அம்மா இப்ப பொரியல அவங்களே பாத்து எடுக்கறாங்க, பாதி நாளாவது. அது எதனாலன்னு பிரிச்சுச் சொல்ல என்னால முடியாது, ரெண்டும் சேந்துதான் நடந்துச்சு.

ஒரு நாள் மட்டும் கஷ்டமாப் போச்சு. அன்னைக்கு வேற ஒருத்தர் வந்து எங்கள எதுவும் கேக்காம படகு போற காட்சியப் போட்டுட்டாரு, கண்ணு நகருதுங்குது, காதுக்குள்ள இருக்கற சமநிலை உறுப்பு உக்காந்திருக்கேங்குது, அம்மாவுக்குக் குமட்டி, வீடு வந்து சாயங்காலம் வரைக்கும் தலை சுத்தல். நகர்ற காட்சி வேணாம்னு மொதல்லயே சொல்லி வச்சுடுங்க, வயிறு முட்ட சாப்பிட்டுட்டும் போகாதீங்க.

எனக்கு இருக்கற பெரிய குறை மொழிதான். உள்ள பேசற குரல் ஆங்கிலம் இல்லனா சீனம். நான் பக்கத்துல நின்னு "இடது பக்கம் பாரும்மா, கூடை அங்க இருக்கு"ன்னு சொன்னா, அம்மா பழத்த விட்டுட்டு என்னத் தேடறாங்க, "நீ எங்கடி நிக்கற, தெரியலயே"ன்னு. கண்ண மூடின மாதிரி ஒரு எடத்துல உக்காந்திருக்கறவங்களுக்கு உள்ளேர்ந்து வர்ற குரல்தான் துணை. தமிழ் ஆட்சிமொழியா இருக்கற ஊருல இது வேணும்னு கேக்கறது நியாயம்தானே? மையத்துல கேட்டேன், குரல மாத்தலாம்னாங்க. மொத்தம் பன்னெண்டு வரிதான், பேச்சுத் தமிழ்ல எழுதி புதன்கிழமை குடுத்தாச்சு, அடுத்த வாரம் நானே போய்ப் பேசிப் பதிவு பண்றேன்.