ஒரு நோயாளியின் கதையா, ஆயிரம் பேரின் ஆய்வா?

எந்தச் சான்றை எவ்வளவு நம்பலாம் என்று வரிசைப்படுத்தும் மருத்துவச் சான்றுகளின் ஏணியில், ஓரிரு நோயாளிகளிடம் கண்டதை மருத்துவர் எழுதும் தனி நோயாளி அறிக்கைக்குக் கீழ்ப்படிதான். ஆனால் புதிய ஆபத்து பெரும்பாலும் முதலில் கண்ணில் படுவது அங்கேதான். 1961 டிசம்பரில் ஆஸ்திரேலிய மகப்பேறு மருத்துவர் வில்லியம் மெக்பிரைடு லான்செட் இதழுக்குச் சில வரிகளில் ஒரு கடிதம் எழுதினார். கர்ப்ப காலத்தில் தாலிடோமைடு என்ற மருந்தைச் சாப்பிட்டவர்களின் குழந்தைகள் கை கால் குறைபாட்டோடு பிறக்கின்றன, நீங்களும் பார்த்தீர்களா என்று கேட்டார். 1981 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஐந்து இளைஞர்களுக்கு வந்த அபூர்வ நிமோனியா பற்றிய குறிப்புதான் எய்ட்ஸின் முதல் மருத்துவப் பதிவு. பெயரே வைக்காத நோய்க்கு ஆய்வை எப்படித் திட்டமிடுவது?

மருந்து பலன் தருகிறதா என்று கேட்டால், நான் பெரிய ஆய்வின் பக்கம். குணமானவர் தானாகவே குணமாகியிருக்கலாம். மாரடைப்பு வந்தவர்களுக்குத் துடிப்பைச் சீராக்க ஃப்ளெகைனைடு என்ற மருந்தைக் கொடுத்தார்கள். ஈசிஜியில் துடிப்பு அழகாகச் சீரானது. 1989இல் வெளியான காஸ்ட் (CAST) என்ற பெரிய ஆய்வில் வெற்று மாத்திரை எடுத்தவர்களோடு ஒப்பிட்டபோதுதான், மருந்து எடுத்தவர்களே அதிகம் இறந்தது தெரிந்தது.

அறிக்கை எழுதும் மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள்: மருந்து தொடங்கிய நாள், அளவு, நிறுத்தியபின் என்ன ஆனது, இவற்றை விட்டுவிடாதீர்கள்.