வயிற்றுக் கோளாறுக்கு அக்குபங்சர்: மதுரை அண்ணா நகரில் ஒரு சிகிச்சை நிலையம்

ஐ.பி.எஸ். எனப்படும் குடல் எரிச்சல் நோய்க்காக மதுரை அண்ணா நகரில் உள்ள சிறிய அக்குபங்சர் நிலையம் ஒன்றில் சில மாதங்களாகச் சிகிச்சை பெற்று வருகிறேன். அங்கே என் நம்பிக்கையை முதலில் பெற்றது ஊசி அல்ல, விசாரணை. குடல் மருத்துவரின் மருந்துச் சீட்டையும் பரிசோதனை முடிவுகளையும் கேட்டு வாங்கிப் படித்த பிறகே சிகிச்சையாளர் நாடி பார்த்தார். மலத்தில் ரத்தம், காரணம் தெரியாத எடைக் குறைவு, ரத்தசோகை, இரவுத் தூக்கத்தைக் கலைக்கும் வயிற்றுப்போக்கு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்றும், மருத்துவரைக் கேட்காமல் எந்த மாத்திரையையும் நிறுத்தக் கூடாது என்றும் தெளிவாகச் சொன்னார். மாத்திரைகளைத் தூக்கி எறியச் சொல்லித் தொடங்குவோரும் இத்துறையில் உண்டு என்பதால், இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

முழங்காலுக்குக் கீழே நான்கு விரற்கடை தள்ளி வெளிப்புறத்திலும், தொப்புளின் இரு பக்கங்களிலும் மிக மெல்லிய ஊசிகளைச் செருகிப் படுக்க வைக்கிறார்கள். ஊசிகள் நம் கண் முன்னே உறை பிரிக்கப்படுகின்றன. வலி மிகக் குறைவு.

சாப்பிட்டவுடன் கழிப்பறைக்கு ஓடும் அவசரமும் உப்புசமும் எனக்குத் தணிந்துள்ளன; மலச்சிக்கலில் மாற்றம் இல்லை. இந்தத் தணிவு முழுவதையும் ஊசியின் கணக்கில் எழுத என் மனம் ஒப்பவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2012இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, ஐ.பி.எஸ். நோயில் உண்மை ஊசிக்கும், ஒப்பிடுவதற்காக உண்மைபோல் தோன்றும்படி செய்யப்படும் போலி ஊசிக்கும் இடையே பலனில் வேறுபாடு காணவில்லை. பாஸ்டனில் 262 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்விலோ, சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களில் 28 விழுக்காட்டினரும், போலி ஊசி மட்டும் பெற்றவர்களில் 44 விழுக்காட்டினரும், போலி ஊசியோடு கனிவான, நிதானமான உரையாடலும் பெற்றவர்களில் 62 விழுக்காட்டினரும் போதிய நிவாரணம் கிடைத்ததாகக் கூறினர். நோயாளியின் பேச்சை இடைமறிக்காமல் கேட்கும் இந்த நிலையத்தின் வழக்கம் எனக்குச் சிகிச்சையின் பாதியாகவே படுகிறது.

குறை, அவர்கள் கொடுக்கும் உணவுத் தாளில்தான். காரத்தை விலக்கச் சொல்லும் அந்தத் தாளில், குடலில் புளித்து வாயுவை உண்டாக்கும் வெங்காயம், பூண்டு, கோதுமை பற்றி ஒரு வரியும் இல்லை. புரோட்டாவும் சின்ன வெங்காயமும் அன்றாட உணவாகிவிட்ட மதுரையில் இது சிறிய விடுபாடு அல்ல. இதற்கு உணவியல் வல்லுநரைத் தனியே பார்ப்பது நல்லது.

முதல் முறை செல்வோர் வெறும் வயிற்றோடு போகாமல் லேசாகச் சாப்பிட்டுச் செல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் ஊசி போடுவதற்கு முன்பே அதைத் தெரிவித்துவிடுங்கள்.