சேலத்தில் அப்பாவுக்கு நுரையீரல் ஊசி பயாப்சி: எடுத்த ஸ்கேன் சென்டர் எப்படி?

நுரையீரலில் கட்டி, சதை எடுத்துப் பார்த்தால்தான் என்னவென்று சொல்ல முடியும் என்று டாக்டர் சொன்னதும் கோயம்புத்தூருக்குப் போவதா, வேலூருக்குப் போவதா என்றுதான் எங்கள் வீட்டில் பேச்சு. கடைசியில் சேலத்திலேயே எடுத்தோம், நல்லபடியாகவே முடிந்தது. சென்டர் பெயரைப் போடாமல் எழுதுகிறேன். நீங்கள் எந்த ஊரில் எந்த இடத்துக்குப் போனாலும் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் அதுவே போதும்.

அப்பாவுக்கு 66 வயது. பீடி, சிகரெட் தொட்டதில்லை. இருமல் விடவில்லை என்று எக்ஸ்ரே எடுத்தபோது வலது மேல்பக்கம் ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்தது. சிடி ஸ்கேனில் 4 செ.மீ. கட்டி. டிபியாகவும் இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம் என்றார்கள். நம் ஊரில் இந்தச் சந்தேகம் எப்போதும் உண்டு. ஸ்கேன் படத்தில் பல சமயம் இரண்டும் ஒன்று போலவே தெரியும். முதலில் வேறொரு இடத்தில் மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுத்தார்கள். ஒரு வாரம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு காத்திருந்தோம். ‘செல்கள் போதவில்லை, முடிவு கூற இயலாது’ என்று ரிப்போர்ட் வந்தது. அங்கே ஊசி வைக்கும் முன் அப்பா என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்றுகூட யாரும் கேட்கவில்லை.

இந்தச் சென்டரில் முதல் கேள்வியே அதுதான். அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் இருக்கிறது, ரத்தம் உறையாமல் இருக்க க்ளோபிடோக்ரெல் சாப்பிடுகிறார். “ஹார்ட் டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க, அவர் சரின்னா 5 நாள் முன்னாடியே நிறுத்தணும். நீங்களா நிறுத்திடாதீங்க” என்றார் ரேடியாலஜி டாக்டர் அம்மா. ரத்தம் சரியாக உறைகிறதா என்று காட்டும் பிளேட்லெட், ஐஎன்ஆர் டெஸ்டுகளைப் பார்த்து, எண்கள் சரியாக இருந்த பிறகுதான் தேதி கொடுத்தார்கள்.

முன்னால் ஏன் செல் போதவில்லை என்று கேட்டேன். மேஜை டிராயரிலிருந்து இரண்டு ஊசியை உறையோடு எடுத்து என் கையில் கொடுத்தார். ஒன்று 22 கேஜ், இன்னொன்று 18 கேஜ். எங்களுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. கம்பி இழுக்கிறபோது எங்களுக்கும் இதே கணக்குதான், நம்பர் ஏற ஏறக் கம்பி மெலியும். அதனால் அவர் சொல்ல வந்தது சட்டென்று பிடிபட்டது. 22 கேஜில் வருவது உதிரிச் செல்கள். கெட்ட செல் இருக்கிறதா என்று பார்க்க அது பல சமயம் போதும். 18 கேஜ் கோர் ஊசி சதையை முழுத் துண்டாகவே வெட்டி எடுக்கும். என்ன வகைக் கட்டி, எந்த மருந்து கேட்கும் என்று பார்க்க அந்தத் துண்டு வேண்டும். மொத்தமான ஊசி என்றதும் எங்கள் அம்மா பயந்துபோனார். வெளியில் உள்ள குழாய் ஊசி ஒரே தடவைதான் நெஞ்சுக்குள் போகும், அதன் வழியாகவே உள் ஊசியைத் திரும்பத் திரும்ப விட்டு எடுப்போம், ஒவ்வொரு துண்டுக்கும் புதிதாகக் குத்துவதில்லை என்று டாக்டர் விளக்கிச் சொன்ன பிறகுதான் அம்மா தலையாட்டினார்.

எல்லா நெஞ்சுக் கட்டிக்கும் இந்த வழிதான் என்றும் அவர் சொல்லவில்லை. நடுநெஞ்சில் மூச்சுக்குழாயை ஒட்டிய கட்டி, நெறிக்கட்டி என்றால் வாய் வழியாக ஸ்கோப் விட்டு எடுப்பது நல்லது. முழுசாக அறுத்து எடுத்துவிடலாம் என்று தெரிகிற சில கட்டிகளை ஊசி வைக்காமல் நேராக ஆபரேஷனுக்கே அனுப்புவதும் உண்டு என்றார். தன்னிடம் வந்த ஆளை வேறு வழியும் இருக்கிறது என்று சொல்லி உட்கார வைத்துப் பேசுகிற டாக்டரை நான் நம்புவேன்.

சொந்தக்காரர்கள் சொன்னதையும் கேட்டேவிட்டேன்: “மறுபடி ஊசி குத்தினா கேன்சர் பரவிடும்ங்கறாங்களே?” ஊசி போன தடத்தில் செல் ஒட்டிக்கொள்வது நடந்திருக்கிறது, ஆனால் நுரையீரலில் அது 1,000 பேரில் ஒருவருக்கும் குறைவு என்றார். அதைவிட நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிவதுதான் நிஜமான சிக்கல். 100 பேரில் 15 முதல் 25 பேருக்கு வரும், பெரும்பாலோருக்குத் தானே சரியாகும், சிலருக்கு மட்டும் காற்றை வெளியேற்ற நெஞ்சில் டியூப் போட வேண்டியிருக்கும் என்று ஒளிக்காமல் சொன்னார். சளியில் கொஞ்சம் ரத்தம் வரலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லி வைத்தார்கள்.

அன்றைக்கு அப்பாவைக் குப்புறப் படுக்கவைத்து, முதுகில் கம்பி வரிகள் உள்ள ஒரு ஸ்டிக்கரை ஒட்டி ஸ்கேன் எடுத்தார்கள். படத்தில் வரியை எண்ணி, பேனாவால் புள்ளி வைத்து, மரப்பு ஊசி போட்டார்கள். ரத்தக்குழாயும் நரம்பும் விலா எலும்பின் கீழ் ஓரத்தில் ஓடுவதால், அடுத்த எலும்பின் மேல் ஓரத்தை ஒட்டித்தான் ஊசியை இறக்குவார்களாம். உள்ளே போவதற்கு முன் டெக்னீஷியன் செய்த ஒரு காரியத்தை மறக்க முடியாது. கோர் ஊசி வெட்டும்போது ‘டக்’கென்று சத்தம் வரும். அதை அப்பாவின் காதருகே வைத்து அழுத்திக் காட்டி, “ஐயா, இந்தச் சத்தந்தான் கேட்கும், தூக்கிவாரிப் போடக்கூடாது. மூச்சை ரொம்ப இழுக்காம, எப்பவும்போல நிறுத்துங்க” என்று மூன்று நாலு தரம் பழக்கிவிட்டார். அசையாமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது என்று பிறகு என்னிடம் சொன்னார். அப்பாவுக்கு வலி தெரியவில்லை, முதுகில் ஓர் அழுத்தம் மட்டும் இருந்ததாம்.

வெளியே வந்ததும் பாட்டில்களைக் காட்டினார்கள். சதை கெடாமல் வைக்கும் ஃபார்மலினில் வெளிறிய மெல்லிய சதைத் துண்டுகள். தனியாக சலைன் பாட்டிலில் ஒரு துண்டு, அது டிபி பரிசோதனைக்கு. ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும், பிறகு கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்டில் வளராது. இதைக் கவனிக்காமல் எல்லாவற்றையும் ஒரே பாட்டிலில் போட்டு, பிறகு டிபிக்காக மறுபடி குத்தவேண்டி வருகிற வீடுகள் உண்டு. இரண்டு பாட்டிலிலும் பெயரும் எந்தப் பக்கம் என்பதும் சரியாக இருக்கிறதா என்று என்னைப் படித்துப் பார்க்கச் சொன்னார்கள். நான் இந்த இடத்துக்கு மார்க் போடுவது இதற்காகத்தான். மெஷின் இன்றைக்கு எல்லா ஊரிலும் இருக்கிறது.

பிறகு குத்திய பக்கம் கீழே இருக்கும்படி மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். எக்ஸ்ரேவில் லேசான காற்றுக் கசிவு தெரிந்தது. ஆக்சிஜன் வைத்து, சில மணி நேரம் கழித்து மறுபடி எடுத்த எக்ஸ்ரேவில் கூடவில்லை என்றதும் சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பினார்கள். ஏற்காட்டில் அக்கா வீடு இருக்கிறது, அங்கே போய்ப் படுத்துக்கொள்கிறேன் என்று அப்பா சொன்னதற்கு டாக்டர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், நெஞ்சுக்குள் சிக்கிய காற்று விரியும்; நடுராத்திரி மூச்சு வாங்கினால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வரவேண்டும். அடுத்த எக்ஸ்ரே சுத்தமாக வரும்வரை மலையும் விமானமும் வேண்டாம் என்றார். ஏற்காடு, நாகலூர் பக்கமிருந்து வருகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டு கீழேயே தங்க இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

குறையும் உண்டு. அப்பா சர்க்கரை நோயாளி. வெறும் வயிற்றோடு வரச்சொல்லிவிட்டு, சொன்ன நேரம் தாண்டி வெகுநேரம் உட்கார வைத்தார்கள். சர்க்கரை இருப்பவர்களைக் காலையில் முதல் ஆளாக எடுக்க வேண்டும். பில்லும் தெளிவாக இல்லை. ஊசிக்கும் ஸ்கேனுக்கும் 12,000 ரூபாய் என்றார்கள். லேப், ஜீன் டெஸ்ட் எல்லாம் தனி என்பது பணம் கட்டும்போதுதான் தெரிந்தது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருப்பவர்கள் முதலில் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையில் விசாரித்துவிடுங்கள்.

டிபி இல்லை. நுரையீரல் அடினோகார்சினோமா என்று வந்தது, அது ஒரு வகைப் புற்றுநோய். படித்ததும் நொறுங்கித்தான் போனோம். ஆனால் அதே துண்டில் பார்த்த ஈஜிஎஃப்ஆர் என்கிற ஜீன் டெஸ்ட் பாசிட்டிவ். புகைக்காதவர்களிடம் இது அதிகம் காணப்படுமாம். அதனால் அப்பாவுக்குக் கீமோ இல்லாமல், தினமும் ஒரு மாத்திரையாகவே சிகிச்சை தொடங்கியிருக்கிறார்கள். துண்டு போதாமல் இருந்திருந்தால் அதில் இந்த டெஸ்டைச் செய்திருக்க முடியாது.

ரிப்போர்ட் வாங்கும்போது காகிதத்தோடு கிளம்பிவிடாதீர்கள். சதைத் துண்டை மெழுகில் பதித்த பிளாக்கையும் கண்ணாடி ஸ்லைடையும் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அடையாறோ வேலூரோ, இரண்டாவது டாக்டரிடம் போனால் முதலில் கேட்பது அதைத்தான். வாங்கியதை வெயில் படாத இடத்தில் வையுங்கள், சேலத்துச் சித்திரை வெயிலில் காருக்குள் விட்டால் மெழுகு உருகிவிடும்.