எஸ்டிபிஎம்மா, ஏ லெவலா? மதிப்பெண் கணக்கைப் பாருங்கள்

மகளை மலேசியாவின் பட்டர்வொர்த்தில் அரசுப் பள்ளி ஃபார்ம் சிக்ஸில், அதாவது எஸ்டிபிஎம் தேர்வு எழுதும் ஆறாம் படிவ வகுப்பில் சேர்த்தோம். கோலாலம்பூரில் இருக்கும் அண்ணன் தன் மகனை பிரிட்டிஷ் முறைத் தேர்வான ஏ லெவலுக்கு அனுப்பினார். செலவு எதற்கு அதிகம் என்று சொல்லத் தேவையில்லை. எஸ்டிபிஎம்மை வெளிநாட்டில் ஏற்க மாட்டார்கள் என்ற பேச்சையும் விட்டுவிடலாம். பிரிட்டன் பல்கலைக்கழகங்களே ஏற்கின்றன. மதிப்பெண் போடும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறது.

கேம்பிரிட்ஜ் ஏ லெவலில் 80 வாங்கினாலும் 89 வாங்கினாலும் ஏ தான். 90 தொட்டால் ஏ ஸ்டார். இது விடைத்தாளில் வாங்கிய நேரடி மதிப்பெண் இல்லை. தாள் கடினமாக வந்திருந்தால் கிரேடு எல்லையை இறக்கி, அப்புறம் இந்த அளவுக்கு மாற்றுகிறார்கள். அது நியாயமான ஏற்பாடுதான். ஆனால் ஒரு தாள் மட்டும் சொதப்பினால் அதை மட்டும் திரும்ப எழுத முடியாது. அண்ணன் மகன் ஏ லெவலின் முதல் பாதியான ஏஎஸ் கணிதத்தை முழுதாக மறுபடி எழுதினான்.

எஸ்டிபிஎம் 2012 முதல் மூன்று பருவமாக நடக்கிறது. கணிதத்தை எடுத்துக்கொண்டால் ஒவ்வொரு பருவத் தாளுக்கும் 26.67 விழுக்காடு, பள்ளியில் செய்யும் இடுபணிக்கு 20. முதல் பருவத்தில் சறுக்கினால் அந்தத் தாளை மட்டும் பிறகு எழுதலாம், எது கூடுதலோ அதை எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு இந்த ஒன்றே போதும்.

இதன் மதிப்பு அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கையைக் கவனிக்கும் யூபியூவுக்கு விண்ணப்பிக்கும்போது தெரியும். மகளுக்கு ஒரு ஏ (4.00), இரண்டு ஏ மைனஸ் (3.67), கணிதத்தில் பி பிளஸ் (3.33). நான்கையும் கூட்டி வகுத்தால் பிஎன்ஜிகே, அதாவது சராசரி கிரேடு புள்ளி, 3.67. முதல் பருவக் கணிதத்தை மறுபடி எழுதினாள், பி பிளஸ் ஏ மைனஸ் ஆனது, பிஎன்ஜிகே 3.75. இடம் கொடுக்க யூபியூ பார்க்கும் மெரிட் மதிப்பெண்ணில் கல்விக்கு 90, புறப்பாடத்துக்கு 10. பிஎன்ஜிகேயை 4ஆல் வகுத்து 90ஆல் பெருக்கினால், அந்த 90இல் அவளுக்கு 82.58 இருந்தது 84.38 ஆனது. போட்டி அதிகமுள்ள படிப்புக்கு இந்த 1.8 சின்ன விஷயமா?

ஏ லெவலை அண்ணன் மகன் ஒருவனை வைத்துத்தான் சொல்கிறேன், அவன் எடுத்ததும் அறிவியல் பாடங்கள். வெளிநாடுதான் என்று முடிவு செய்து, கையில் பணமும் இருந்தால் ஏ லெவலுக்குப் போங்கள், நான் தடுக்க மாட்டேன். உள்ளூர் அரசுப் பல்கலைக்கழகம் என்றால் ஃபார்ம் சிக்ஸ்தான். இடுபணியை மட்டும் கடைசி வாரத்துக்குத் தள்ள விடாதீர்கள். பருவத் தாளைப் போல அதை எளிதில் சரிக்கட்ட முடியாது.